ரகுபதி சாருக்கு மீன் சிக்காத வாரம்

சாவியோ பிறந்தது ராயபுரம், கல்யாணம் கட்டியது எண்ணூர். மாமனார் சீராகக் கொடுத்தது ஒரு ஃபைபர் படகும் ஒரு வீச்சு வலையும். இருபது வருடம் முகத்துவாரத்தில் மீன் பிடித்தே குடும்பத்தை ஓட்டினான். அப்புறம் ஆற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து படிந்தது. மீன் ஒதுங்கிப் போனது. சாவியோவும் ஒதுங்கி, தூண்டில்காரர்களிடம் வந்து சேர்ந்தான்.

தூண்டில்காரர்கள் என்றால் வயிற்றுப்பாட்டுக்குப் பிடிக்கிறவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அண்ணா நகரிலிருந்தும் அடையாறிலிருந்தும் காரில் வந்து, மீனைப் பிடித்து, அதைக் குழந்தை மாதிரி ஏந்திப் போட்டோ எடுத்துக்கொண்டு, மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிடுகிற கனவான்கள். பிடித்த மீனை ஏன் விடுகிறார்கள் என்பது சாவியோவுக்கு ஐம்பத்திரண்டு வயதிலும் விளங்கவில்லை. விளங்கி என்ன ஆகப் போகிறது? அவர்களைப் படகில் ஏற்றி, காட்டுப்பள்ளியும் தாண்டி வடக்கே, ரோடும் கரண்டும் இல்லாத மணல்திட்டில் சவுக்கு மரங்களுக்கு நடுவே கூடாரம் அடித்து, சோறாக்கிப் போட்டு, மீன் இருக்கிற இடத்தைக் காட்டுவது அவன் பிழைப்பு. அவன் படகில் ஏறினவன் கொடுவா பிடிக்காமல் இறங்கினதில்லை என்று டோல்கேட்டில் தூண்டில் கடை வைத்திருக்கும் பிலால் ஊரெல்லாம் சொல்லி ஆள் பிடித்து அனுப்புவான்.

சுபாவத்தில் சாவியோ சாது. படகில் யாராவது வாந்தி எடுத்தாலும் கழுவிவிட்டுச் சிரிப்பான். ஒரே ஒரு ஆள் மேல் மட்டும் எட்டு வருடமாகக் கறுவிக்கொண்டிருந்தான்.

அந்த ஆள் ரகுபதி. மணலியில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஷிப்ட் இன்சார்ஜ். சாவியோவின் தம்பி ஜெரி அங்கே காண்ட்ராக்ட் கூலி. எட்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் ஜெரியை டேங்க் கழுவ இறக்கினார்கள். முகமூடி கொடுக்கவில்லை. உள்ளே விஷவாயு இருந்தது. ஜெரி பிழைக்கவில்லை. விஷயம் தெரிந்து கம்பெனி கேட்டுக்கு வெளியே கூடி அழுதவர்கள் முன்னால் ரகுபதி வந்து நின்று, "குடிச்சிட்டு வந்து இறங்கியிருக்காரு. நாங்க என்னங்க பண்ண முடியும்?" என்று கையை விரித்தார். அதையே ரிப்போர்ட்டாக எழுதிக் கையெழுத்தும் போட்டார். கேஸ் அத்தோடு முடிந்தது.

ஜெரி ஒரு சொட்டு குடித்தவன் இல்லை. அப்பன் குடியிலேயே போய்ச் சேர்ந்ததால் அம்மா சிலுவையம்மாள் இரண்டு பிள்ளைகளிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள். சாவியோ அந்தச் சத்தியத்தை எத்தனை தடவை மீறினான் என்பதை விட்டுவிடுவோம். ஜெரி மீறவில்லை. கோயிலில் மதுவிலக்கு சபைக்குச் செயலாளரே அவன்தான். வீடு வீடாகப் போய்க் குடிக்காதே என்று சொன்னவன் குடித்துச் செத்தான் என்றால் ஊர் சும்மா இருக்குமா? வாய்விட்டுச் சிரித்தது. சிலுவையம்மாள் அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கேட்டே ஒரு வருடத்தில் கண்ணை மூடினாள். ஜெரியின் மனைவி எல்சி முகத்தைக் காட்ட முடியாமல் மணலி புதுநகருக்கு வீடு மாறிப் போனாள். அங்கேயும் அவளுக்கு முன்னால் அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது. அவள் சாவியோவிடம் எதையும் கேட்டு நின்றதில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அவரு குடிக்கலன்னு அந்தாளு வாயாலயே சொல்லணும் மாமா. அத்த நான் கேக்கணும்."

போன தை மாதம் பிலால் போன் பண்ணினான்.

"மாமு, ஒரு பார்ட்டி கீது. ஒரு வாரம் ஒன்னோட தங்கணுமாம். மணலி கம்பெனியில இன்சார்ஜா இருந்து ரிட்டையர் ஆனவரு. பேரு ரகுபதி."

சாவியோ கையிலிருந்த வலையைக் கீழே வைத்தான்.

"இன்னா மாமு, லைன்ல கீறியா?"

"கீறன். அனுப்பி வையி."

ரகுபதி இரண்டு பெட்டி, நான்கு தூண்டில், வெயிலுக்கு ஒரு தொப்பி, போனை நிற்க வைக்க ஒரு முக்காலி என்று சகல சாமானோடும் வந்து இறங்கினார். சாவியோவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கேட்டுக்கு வெளியே கத்தின இருபது பேரில் ஒருவனை எட்டு வருடம் கழித்து யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? சாவியோவுக்கு அவரை நன்றாகவே தெரிந்தது. கொஞ்சம் தொப்பை போட்டிருந்தார். அந்தக் கையை விரிக்கிற பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

"சாவியோ, எனக்கு ஒரே ஆசைப்பா. வாழ்க்கையில ஒரு பெரிய கொடுவா பிடிக்கணும். வீடியோ போடணும். என் பேரன் பாக்கணும்."

"புடிச்சிடலாம் சார்," என்றான் சாவியோ.

மீன் பிடிக்கத் தெரிந்தவனுக்கு மீன் பிடிக்கவிடாமல் செய்யவும் தெரியும். கொடுவா தண்ணீர் ஏறத் தொடங்கும்போது இரைக்கு வரும். சாவியோ அந்த நேரத்துக்கு இட்லி சுட்டுக்கொண்டிருந்தான். தண்ணீர் அசையாமல் நிற்கும்போது, "வாங்க சார், இப்பதான் டைமு," என்று கூட்டிப்போனான். உயிர் இறாலைக் கொக்கியில் மாட்டுவதற்கு முன்னால் விரலை மண்ணெண்ணெயில் தொட்டுக்கொண்டான். அந்த வாடைக்கு நல்ல மீன் முப்பது அடி தள்ளிப் போய்விடும். எதற்கும் கூச்சப்படாத பேத்தை மீன்தான் வந்து கடிக்கும். ரகுபதி ஆசை ஆசையாகச் சுற்றி இழுப்பார். தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் பேத்தை வயிற்றை உப்பிக்கொண்டு அவரைப் பார்க்கும்.

முதல் நாள் மூன்று பேத்தை. இரண்டாம் நாள் ஐந்து. மூன்றாம் நாள் ஒரு பேத்தையும் ஒரு கிழிந்த செருப்பும். ஒவ்வொரு நாள் காலையிலும் ரகுபதி போனை முக்காலியில் நிறுத்தி, "வணக்கம் நண்பர்களே, இன்னைக்கு நாம ஒரு ராட்சசக் கொடுவாவை..." என்று தொடங்குவார். சாயங்காலம் அதை அழிப்பார். சாவியோ பக்கத்திலேயே நின்று உச்சுக்கொட்டுவான். பொழுது சாய்வதற்குள் இரண்டு வீச்சில் ஒரு கூடை மடவை பிடித்து, மிளகாய் அரைத்துக் குழம்பு வைத்து, அவர் தட்டில் நடுத்துண்டாகப் பார்த்துப் போடுவான். "உனக்கு மட்டும் எப்படிப்பா கிடைக்குது?" என்று கேட்டுக்கொண்டே அவர் சாப்பிடுவார். அந்த முகத்தைப் பார்க்கையில் சாவியோவுக்கு வயிறு நிறைந்தது. இப்படி ஒரு சந்தோஷத்தை அவன் அனுபவித்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

நான்காம் நாள் ஐஸும் குடிதண்ணீரும் கொண்டுவந்த பிலால் அவனைத் தனியே இழுத்தான்.

"இன்னா மாமு பண்ற? பார்ட்டி போன்ல அழுவுறாரு. ஒன் பேரு கெட்டுப்பூடும்."

ரகுபதி யார் என்று சாவியோ சொன்னான். பிலால் சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்திருந்த ரகுபதியைத் திரும்பிப் பார்த்தான்.

"இந்தக் கஸ்மாலமா? இதுக்கு வெறும் பேத்தையா குட்த்துக்கினு கீற?"

அந்தக் கேள்வி சாவியோவைத் தைத்தது. அவனுக்கே தன் மேல் வெட்கமாகப் போயிற்று. தம்பியின் பேரைக் கெடுத்தவனுக்கு மீன் சிக்காமல் பண்ணுவது ஒரு பழியா? எல்சி கேட்டது இதையா?

ஆறாம் நாள் அமாவாசை. அன்றைக்குத் தண்ணீர் வழக்கத்தைவிட அதிகமாக வற்றும். அதே வேகத்தில் ஏறும். ஆற்றுக்கு நடுவில் ஒரு மேடு வெளியே தெரியும். காலை ஒன்பது மணிக்கு சாவியோ ரகுபதியை அந்த மேட்டில் இறக்கினான். "படகு நின்னா மீனு வராது சார். நான் அப்பால போயி நிக்கிறன்," என்றான். மிதவைச் சட்டை தூண்டில் வீச இடைஞ்சலாக இருக்கிறதென்று ரகுபதியே கழற்றிப் படகில் போட்டார். கையில் ஒரு சின்ன பாட்டில் தண்ணீர் மட்டும் வைத்துக்கொண்டார். சாவியோ அறுபது அடி தள்ளி நங்கூரம் போட்டு, பீடி பற்ற வைத்தான்.

பத்து மணிக்கு பாட்டில் காலி. பத்தரைக்குத் தண்ணீர் ஏறத் தொடங்கிக் கணுக்காலுக்கு வந்தது. பதினோரு மணிக்கு முழங்கால். இரண்டு பக்கமும் வாய்க்கால் ஆள் ஆழத்துக்குச் சுழித்து ஓடியது.

"சாவியோ! போதும்ப்பா, படகைக் கொண்டா. எனக்கு நீச்சல் தெரியாது."

சாவியோ நங்கூரத்தைத் தூக்கி, கழியால் ஊன்றிப் பதினைந்து அடி தூரத்தில் படகை நிறுத்தினான்.

"ஜெரிய தெரியுமா சார்?"

"எந்த ஜெரி? என்னப்பா இது, விளையாடற நேரமா?"

"டேங்க் கழுவ எறக்கினியே, அந்த ஜெரி. நான் அவனுக்கு அண்ணன்."

ரகுபதிக்கு உடனே ஞாபகம் வரவில்லை. அதுதான் சாவியோவுக்குத் தாங்கவில்லை. எட்டு வருடமாகத் தூங்கும்போதும் அவன் சுமந்த பேர், அந்த ஆளின் மண்டையில் ஒரு மூலையில்கூட இல்லை. பேரைத் தேடிக் கண்டுபிடிக்க அவருக்குத் தண்ணீர் தொடை வரைக்கும் ஏற வேண்டியிருந்தது. கண்டுபிடித்ததும் முகம் வெளுத்தது.

"ஏய், நீ பண்றது கொலைப்பா."

"நீ பண்ணதுக்கு பேரு இன்னா? நான் ஒண்ணும் ஒன்ன சாவடிக்க வரல. அவன் குடிச்சிருந்தானா? அத்த மட்டும் சொல்லு." சாவியோ தன் போனை எடுத்து அவர் பக்கம் பிடித்தான். "எல்லாருக்கும் கேக்குற மாரி சொல்லு."

"குடிக்கல. குடிக்கலப்பா. முகமூடி குடுக்காம இறக்கினது வெளிய வந்தா கம்பெனிய மூடிடுவாங்கன்னு அப்படி எழுதச் சொன்னாங்க. நான்தான் எழுதினேன். அந்தப் பையன் மேல ஒரு தப்பும் இல்ல."

எட்டு வருடமாகக் கேட்க ஏங்கின வார்த்தை வந்துவிட்டது. சாவியோ படகை நகர்த்தக் கழியை ஊன்றினான். அது போதவில்லையோ என்று பயந்தாரோ என்னவோ, ரகுபதி கேட்காமலே மேலே கொட்டத் தொடங்கினார்.

"வெளிய எடுத்தப்ப உசிரு இருந்துச்சு. தண்ணி தண்ணின்னு கேட்டான். குடுக்காதேன்னு நான்தான் தடுத்தேன். ரிப்போர்ட் என்ன எழுதறதுன்னு மேலிடத்துல பேசி முடிக்கிற வரைக்கும் ஆம்புலன்ஸ் கூப்பிட வேணாம்னாங்க. இருபது நிமிஷம் இருக்கும். நான் சொன்னா கேக்கற இடத்துல இல்லப்பா. நான் என்ன பண்ண முடியும்?" என்று தண்ணீருக்குள் நின்றபடியே கையை விரித்தார்.

சாவியோ கழியைத் தண்ணீரிலிருந்து உருவினான். கழியை ஓங்கி அந்தத் தொப்பித் தலையில் ஒன்று போட்டால் யாருக்கும் தெரியாது. தண்ணீர் மறுபடி வற்றும்போது கடலுக்கு இழுத்துப் போய்விடும். அவன் ஓங்கவும் ஓங்கினான். ரகுபதி கண்ணை மூடிக்கொண்டார். ஓங்கின கழியை அப்படியே நீட்டினான். அவர் அதைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் படகில் ஏறி விழுந்தார். வெயிலிலும் பயத்திலும் நாக்கு வறண்டு, "தண்ணி," என்றார்.

கடல்பக்கத்து ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. படகில் வைத்து எவன் குடிதண்ணீர் கேட்டாலும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். இரண்டு குப்பத்துக்காரர்கள் நடுக்கடலில் அடித்துக்கொள்ளும்போதும், எதிரிப் படகில் தண்ணீர் தீர்ந்துவிட்டதென்றால் கேனைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத்தான் சண்டையைத் தொடர்வார்கள். சாவியோ யோசிக்கவே இல்லை. கை தானாகக் கேனை எடுத்து நீட்டியது. ரகுபதி மடக் மடக்கென்று குடித்தார்.

எண்ணூர்க் கரையில் இறங்கினதும் அவருக்கு மறுபடி குரல் வந்தது. மிரட்டி வாக்குமூலம் வாங்கினதாகப் போலீசுக்குப் போவேன் என்றார்.

"வா, ரெண்டு பேருமே சேந்து போலாம்," என்றான் சாவியோ. அவர் வரவில்லை. காரில் ஏறிப் போய்விட்டார்.

சாவியோ சாப்பிடாமல்கூட நேரே மணலி புதுநகருக்கு பஸ் ஏறினான். வழியெல்லாம் ஒரே யோசனை. முதல் பாதியை மட்டும் காட்ட வேண்டும். 'ஒரு தப்பும் இல்ல' என்று வருகிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். மீதியை எல்சி கேட்கவே கூடாது.

எல்சி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். குடிக்கல என்ற வார்த்தை வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கி அழுதாள். சாவியோ கட்டைவிரலால் நிறுத்தினான்.

"அவ்ளோதாம்மா."

எல்சி கண்ணைத் துடைத்துவிட்டுப் போனைப் பார்த்தாள். "இன்னும் ஓடுறதுக்கு பாதி கீது மாமா. போடு."

"வேணாம் எல்சி. அப்பால வெறும் ஒளறலு."

அவள் போனை அவன் கையிலிருந்து வாங்கித் தானே அழுத்தினாள். ரகுபதியின் குரல் அந்தச் சின்ன வீடு முழுக்கக் கேட்டது. அவள் அழவில்லை. முடிந்ததும் மறுபடி ஒரு தடவை போட்டுக் கேட்டாள். மூன்றாம் தடவையும் கேட்டாள். சாவியோ தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இது முடிஞ்சப்புறம் இன்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

"படகுல ஏத்தி கரைக்கு இட்டாந்தேன்."

"அந்தாளும் தண்ணி கேட்டானா?"

சாவியோவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. தலையை ஆட்டினான்.

"குட்த்தியா?"

"குட்த்தேன்."

எல்சி போனை அவன் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். "நாளைக்கு காலீல வக்கீலாண்ட போலாம். வந்து இட்டுகினு போ," என்றாள். வாளியிலிருந்த மிச்சத் துணியை எடுத்துப் பிழிந்தாள். சொட்டுத் தண்ணீர் இல்லாதபடி முறுக்கினாள். அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"நானா இருந்தா குட்த்திருக்க மாட்டேன் மாமா."