மெசினோடு கதைத்தவள்

வலது கை சக்கரத்தைச் சுற்றியது. இடது கையின் இரண்டு விரல்கள் மட்டும் பட்டுத் துணியை ஊசிக்குக் கீழே நடத்திச் சென்றன. மற்ற மூன்று விரல்களும் சீலையில் படாமல் தூக்கியபடி நின்றன. பட்டு வியர்வையை மறக்காது என்பது அந்த விரல்களுக்குத் தெரியும். மடிப்பு முக்கால்வாசி ஓடியதும் நூல் அறுந்தது.

"ஏண்டி, மறுபடியும் அறுத்திட்டியா? தேங்கா எண்ணெ புடிக்கலன்னா நான் என்னா செய்ய? சண்டைன்னு ரோட்ட மூடி, மெசின் எண்ணெயத் தடை பண்ணி வச்சிருக்காங்க. ரோட்டத் தொறக்குற அன்னைக்கு மொத சொட்டு ஒனக்குத்தான். அதுவரைக்கும் அடம் புடிக்காத."

மெசின் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் சாக்கு விரிப்பில் இருந்த மூன்று வயதுப் பிள்ளையும் பதில் சொல்லவில்லை. இரண்டும் ஒரே மாதிரிக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தன.

தைத்தவள் சுப்பம்மா. எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு துணிமூட்டையும் இந்தக் கைமெசினுமாகக் கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்தவள். வாய்க்காலோரக் குடியேற்றத்தில் ராஜரத்தினத்தின் வளவு மூலையில் ஒரு கொட்டில் போட்டிருந்தாள். புருசன் செத்த பிறகு பேச ஆளில்லாமல் மெசினோடு பேசப் பழகிவிட்டாள். உடுப்பு எடுக்க வருகிறவர்களிடம் அவள் சொல்லும் வசனம் ஒன்றே ஒன்றுதான்: "கைய தொடச்சிட்டு வாங்குங்க." பக்கத்து வளவு அப்புத்துரை கமக்காரர் சேற்றுக் கையோடு வந்து, இந்த வசனத்தைக் கேட்டு வாய்க்காலுக்குத் திரும்பி நடந்ததை ஊரே பார்த்திருக்கிறது.

பிள்ளை ராஜரத்தினத்தின் ஒரே மகள், அருந்ததி. ராஜரத்தினம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் எடுத்தவர், கந்தோரில் பதிவேடு எழுதும் எழுதுவினைஞரும்கூட. கல்யாணம் முடித்துப் பதினொரு வருசத்தின் பின் பிள்ளை பிறந்ததும் அவர் ஒரு சட்டம் போட்டார். பிள்ளையின் காதில் பிழையான தமிழ் ஒரு சொல்லும் விழக்கூடாது. பதிவேட்டில் பெயர் ஏற்றுவதுபோல, ஒவ்வொரு சொல்லாக, சுத்தமாக ஏற்ற வேண்டும். அதற்கென்று ஒரு கொப்பியும் கோடு போட்டு வைத்தார்.

சட்டம் நன்றாகவே வேலை செய்தது. மனைவி வடிவம்மா தன் வாயில் என்ன பிழை வருமோ என்று பயந்து பேச்சைக் குறைத்தாள், பிறகு கையால் காட்டினாள், கடைசியில் சட்டியைத் தட்டிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். அப்புத்துரை போன்றவர்கள் படலை வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் மட்டும் அந்த வீட்டில் மனிதக் குரல் கேட்கும்.

"சொல்லு. அம்மா. அம்... மா."

பிள்ளை அவருடைய மீசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கொப்பியில் தை மாதம்: ஒன்றுமில்லை. மாசி: ஒன்றுமில்லை. பங்குனிக்கு எதிரே 'மேற்படி' என்று எழுதினார். நாக்கில் வசம்பு உரைத்துப் பூசினார்கள், பொன்னைத் தேனில் தொட்டு வைத்தார்கள், கோயில் மணி கழுவிய தண்ணீரைப் பருக்கினார்கள். பிள்ளையோடு கதைத்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

விஜயதசமி வந்துகொண்டிருந்தது. ஏடு தொடக்கும் நாள். ஐயர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுவிப்பார், பிள்ளை சபைக்குக் கேட்கச் சொல்ல வேண்டும். "சொல்லாட்டி, ஊமை எண்டு கொப்பியிலை எழுதிப்போட்டு விடவேண்டியதுதான்" என்று ராஜரத்தினம் தீர்மானித்துவிட்டார். ஆனாலும் பாவாடைக்கு வடிவம்மாவின் பட்டுச்சீலை ஒன்று கொடுக்கப்பட்டது.

அது விதைப்புக் காலம். வடிவம்மாவும் வயலுக்குப் போக வேண்டியிருந்ததால், பாவாடை தைத்து முடியும்வரை பிள்ளை சுப்பம்மாவிடம் விடப்பட்டது.

"ஒரு சொல்லும் பிள்ளையோட கதைக்கப்படாது" என்றார் ராஜரத்தினம். "உங்கட தோட்டத்துத் தமிழ் நாக்கிலை ஒட்டினால் தேய்ச்சாலும் போகாது. கதைச்சியெண்டால் கொட்டிலைப் பிரிச்சுக்கொண்டு போகலாம்."

"சரிங்க ஐயா. புள்ளகிட்ட ஒரு வார்த்த பேசமாட்டேன்."

சுப்பம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மெசினோடு மட்டுமே பேசினாள்.

"என்னா, பசிக்குதா? பசிக்கும், காலைல இருந்து ஓடுறல்ல. இந்தா ரொட்டி." மெசினுக்கு வாயில்லாததால் ரொட்டி பிள்ளையின் கைக்குப் போனது. "மழ வருது பாரு. நனஞ்சிடாத, கொஞ்சம் உள்ள தள்ளிக்க." மெசினும் தள்ளி வைக்கப்பட்டது, பிள்ளையும் தள்ளி இருந்தது.

ஐந்தாம் நாள் நூல் மறுபடி அறுந்தது. சுப்பம்மா வாயைத் திறக்குமுன் பிள்ளை எழுந்து வந்து சக்கரத்தில் விரலை வைத்தது.

"ஏண்டி, மறுபடியும் அறுத்திட்டியா?"

சுப்பம்மாவுக்கு முதலில் வயிறு குளிர்ந்தது. அடுத்த கணம் கண் கொட்டிலின் கூரைக்குப் போனது. சத்தியத்தை மீறி, பிள்ளையோடு முதல் தடவையாகப் பேசினாள்.

"தாயி, இத மெசினுகிட்ட மட்டும் சொல்லு. அப்பாகிட்ட சொல்லிடாத."

"சரிங்க ஐயா" என்றது பிள்ளை.

அடுத்த நாள் முழுக்கச் சுப்பம்மா மெசினுக்கு யாழ்ப்பாணத் தமிழ் பழக்கப் பார்த்தாள். "மெசின், ஏன் நூலை அறுக்கிறியள்? அறுக்காதேங்கோ." பிள்ளை அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது. மத்தியானத்தோடு அந்த முயற்சியைக் கைவிட்டாள்.

விஜயதசமிக்கு முதல்நாள் பாவாடை முடிந்தது. மடித்து, வெள்ளைத் துணியில் வைத்து எடுத்துக்கொண்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நடந்தாள். முற்றத்துக்கு வந்ததும் பிள்ளை அவள் சேலையைப் பிடித்து இழுத்தது.

"இப்ப பேசலாமா?"

சுப்பம்மா திரும்பிக் கொட்டிலைப் பார்த்தாள். நாலு கப்புக் கம்பு, ஐம்பது கிடுகு ஓலை. எங்கேயும் நட்டுக்கொள்ளலாம். 'ஊமை' என்று மையால் எழுதிவிட்டால் அதை யார் பிடுங்குவது?

"பேசு தாயி."

ராஜரத்தினம் வயலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கதிரையிலிருந்து எழும்பாமலே சேற்றுக் கையைப் பட்டுக்கு நீட்டினார்.

"கைய தொடச்சிட்டு வாங்குங்க" என்றது அருந்ததி.

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. குசினி வாசலில் வடிவம்மாவின் கையிலிருந்த சுளகு சரிந்து அரிசி கொட்டியது. ராஜரத்தினத்தின் மற்றக் கை பழக்கத்தில் கொப்பியைத் தேடியது. அதில் ஒரு கோட்டுக்கு ஒரு சொல்தான் அடங்கும். மூன்று சொல்லை எங்கே எழுதுவது?

"சுப்பம்மா, நீ பிள்ளையோட கதைச்சனீ என்ன?"

"ரெண்டே தடவதான் ஐயா. மத்ததெல்லாம் மெசினுகிட்டதான் பேசுனேன்."

அவர் கொட்டில் கூரைப் பக்கம் பார்த்து வாயைத் திறந்தார். அதற்குள் வடிவம்மா முற்றத்துக்கு இறங்கிவிட்டாள்.

"கொட்டில் பிரிக்கிற கதையை விட்டுப்போட்டுக் கையைத் துடையுங்கோவன்! பிள்ளை சொல்லுதெல்லோ!"

மூன்று வருசத்தில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

ராஜரத்தினம் கொப்பியைக் கதிரையில் வைத்தார். வலது கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். பிள்ளை இடது கையைப் பார்த்தது. அதையும் துடைத்தார். இரண்டு கையையும் விரித்து நீட்டினார். சுப்பம்மா பாவாடையை அவற்றின் மேல் வைத்தாள்.