சுருள்மேல் எழுதிய பெயர்

மெர்லின் கோஸ்ட்காவின் பேரப்பிள்ளைகளுக்கு இதுவரை எத்தனை பல் விழுந்திருக்கும் என்று எங்கள் வங்கியில் ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். விழுந்த பல்லைத் தலையணைக்கு அடியில் வைத்தால் தேவதை வந்து காசு வைத்துவிட்டுப் போகும் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் நம்பிக்கை. அந்தத் தேவதைக்குத்தான் அரை டாலர் காசு வேண்டும் என்று மெர்லின் சொல்லுவார். வாரத்துக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஆயிரம் காசு. பேரப்பிள்ளைகள் இரண்டே பேர்.

"மெர்லின், அதுங்க வாய்ல என்ன, சோளக்கதிரா வச்சிருக்கு?" என்று கேட்டேன்.

"ஹாங்?" என்றார் காதில் கையை வைத்துக்கொண்டு. முப்பத்தேழு வருஷம் காகித ஆலையின் இயந்திரச் சத்தத்தில் நின்ற மனிதர். பாதிக் காது போய்விட்டது. தனக்குப் பிடிக்காத கேள்வி வந்தால் மீதிப் பாதியும் போய்விடும்.

அவருக்கு வெள்ளிதான் வேண்டும் என்பது எனக்கு இரண்டாவது வாரமே தெரியும். 1964 வரைக்கும் அடித்த அரை டாலரில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. அதற்குப் பிறகு குறைத்தார்கள், அப்புறம் அடியோடு நிறுத்திவிட்டார்கள். இப்போதைய காசை விளிம்பு தெரியப் பிடித்தால் நடுவில் செம்புக் கோடு ஓடும். பழைய காசில் கோடு இருக்காது, வெள்ளையாக இருக்கும். வங்கிக்கு இரண்டும் ஐம்பது செண்ட்தான். அதனால் வங்கியில் வாங்கி, வீட்டில் தேடி, வெள்ளியை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கட்டிவிடலாம். யாரையும் ஏமாற்றியதாகாது. எங்கள் ஊரில் சிலர் குளத்தில் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அதைப் போன்ற ஒரு வெட்டி வேலை.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வருவார். இதை வைத்து ஊரே கடிகாரத்தைச் சரிபண்ணலாம். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறை மேஜையில் பழைய துண்டை விரித்து, இருபது இருபது காசாகக் காகித உறையில் சுற்றிய சுருள்களை ஒவ்வொன்றாக உடைத்து விளிம்பைப் பார்ப்பார். பார்த்து முடித்த காசைத் திரும்பச் சுருட்டி, நாற்பது மைல் தள்ளி வேறு ஊர் வங்கியில் கொண்டுபோய்க் கட்டுவார். எங்களிடமே கட்டினால் அதே காசு அடுத்த வாரம் அவருக்கே திரும்பி வரும். அவர் மனைவி ஆர்லீன், "பெட்ரோலுக்குச் செலவு பண்ற காசுல வெள்ளி ஸ்பூனே வாங்கியிருக்கலாம்" என்பாள். பதின்மூன்று வருஷத்தில் மெர்லின் சேர்த்தது ஒரு ஊறுகாய் ஜாடி. அதிலும் கொஞ்சம் இடம் மிச்சம்.

பெட்டியில் வரும் காசு இயந்திரம் சுருட்டியது. அதில் வெள்ளி அபூர்வம். வாடிக்கையாளர்கள் வீட்டில் கையால் சுருட்டிக் கொண்டுவருவதில்தான் அதிர்ஷ்டம் இருக்கும். அப்படி ஏதாவது வந்தால் மெர்லினுக்கென்று நான் ஒதுக்கி வைப்பேன். நவம்பரில் அவர் எனக்கு மான்கறி சாசேஜ் கொண்டுவந்து தருவார். இது லஞ்சம் இல்லை என்று நான் பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பலமுறை சொல்லவேண்டியிருந்ததே, அதிலேயே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அந்த வருஷம் ஏப்ரலில் வெர்னா ப்ரீபில் வந்தாள். எழுபதை நெருங்கியவள். அவள் புருஷன் ஹார்லன் பௌலிங் கூடத்தில் கல்லாவில் இருந்தவன், பனிக்காலத்தில் செத்துப்போனான். தேவாலயத்தில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்து என்றால் கோஸ் சாலட் பரிமாறுகிறவள் வெர்னாதான். கையில் பை. பைக்குள் பதினெட்டுச் சுருள் அரை டாலர்.

"ஹார்லன் கராஜ்ல காப்பி டப்பாவுக்குள்ள போட்டு வச்சிருந்தாரும்மா. சுருட்டுறதுக்கு ரெண்டு நாள் ஆச்சு" என்றாள். "கல்லறைக் கல்லுல ரெண்டு பேர் பேரும் முன்னாடியே வெட்டியாச்சு. அவர் செத்த தேதியை மட்டும் வெட்டணும். நூத்தி எழுபத்தஞ்சு டாலர் கேக்கறான். இது சரியா இருக்குமான்னு பாரு."

எங்கள் வங்கியில் ஒரு வழக்கம். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு சுருளின் மேலும் கொண்டுவந்தவர் தன் பெயரை எழுதவேண்டும். காசு குறைந்தால் யாரைக் கேட்பது என்று தெரியவேண்டும் அல்லவா? வெர்னா பதினெட்டிலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி முழுப்பெயரையும் அழகாக எழுதியிருந்தாள்.

சரிபார்ப்பதற்காக ஒன்றை உடைத்தேன். இருபது காசும் கையில் சரிந்தன. ஒன்றில்கூடச் செம்புக் கோடு இல்லை. இன்னொன்றை உடைத்தேன். அதிலும் இல்லை. ஹார்லன் ஒன்றும் முட்டாள் இல்லை. கல்லாவுக்கு வந்த வெள்ளியையெல்லாம் பொறுக்கி, அதற்குத் தன் காசைப் போட்டு எடுத்து வைத்திருக்கிறான். பெண்டாட்டியிடம் சொல்லாமல் செத்துவிட்டான், அவ்வளவுதான்.

வெர்னா என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "ஏம்மா, இது வெறும் அம்பது செண்ட்தானே? வேற ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள்.

பணத்தின் மதிப்பைப் பற்றிக் கேஷியர் அபிப்பிராயம் சொல்லக்கூடாது என்று எங்கள் மேலாளர் சொல்லியிருந்தார். அந்த விதியின் பின்னால் போய் நின்றுகொண்டேன். விதி மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது பொய். மெர்லினின் முகம் எப்படி மலரும் என்றுதான் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது.

"அம்பது செண்ட்தான் வெர்னா" என்றேன். நூற்று எண்பது டாலரை எண்ணிக் கொடுத்தேன். ஐந்து டாலர் மிச்சம் என்று சந்தோஷமாகப் போனாள்.

அவள் கார் கிளம்புவதற்குள் மெர்லினுக்குப் போன் செய்துவிட்டேன். பன்னிரண்டு நிமிஷத்தில் வந்தார். சாதாரணமாக இருபது நிமிஷ வழி. நூற்று எண்பது டாலரைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். பெயர் எழுதிய உறைகளோடேதான் கொடுத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, அதை யோசிக்கவே இல்லை.

வீட்டில் நடந்ததைப் பிற்பாடு ஆர்லீன் சொன்னாள். முதல் சுருளை உடைத்துப் பார்த்துச் சத்தம் போட்டுச் சிரித்தாராம். நாலாவது சுருளில் சிரிப்பு நின்றுவிட்டதாம். மீதியை மெதுவாக உடைத்திருக்கிறார். முந்நூற்று அறுபது காசு, அன்றைய விலைக்கு ஒன்று ஏழு டாலர். இரண்டாயிரத்தைந்நூறு டாலர் மேஜைமேல் கிடந்தது. கிழித்த உறைகளை அடுக்கி, பெயர் தெரியாதபடி கவிழ்த்து வைத்தாராம். பிறகு அடுப்பில் போட்டு எரித்தாராம்.

"'எதுக்கு எரிக்கறீங்க?'ன்னு கேட்டேன். 'குப்பை'ன்னாரு. பதிமூணு வருஷமா குப்பையை நான்தான் எடுத்துப் போடறேன், இவருக்கு அன்னிக்கு மட்டும் என்ன அக்கறை?" என்றாள் ஆர்லீன்.

வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு ஆர்லீன் அவரை இழுத்துக்கொண்டு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். வெர்னா கரண்டியோடு நின்றவள், "என்ன மெர்லின், இளைச்சுப் போயிட்டீங்க. இவ சோறு போடறதில்லையா?" என்று சாலட்டை இரண்டு மடங்கு வைத்தாள். கல் வெட்டுகிறவன் அடுத்த வாரம் வருகிறான் என்றும் சொன்னாள். மெர்லின் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்தார். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு துண்டு மீன் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு என் கவுண்டருக்கு வந்தார். பெட்டி கேட்கவில்லை.

"நீ பாத்தியா ரோக்ஸான்?"

"பாத்தேன்."

"அவ நிக்கும்போதே?"

"அவ நிக்கும்போதே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "நீங்க மட்டும்? பேர் படிக்கத் தெரியாதா உங்களுக்கு? ஒரு வாரமா வெள்ளியைத் தடவிக்கிட்டு உக்காந்துட்டு, இப்ப என்னைக் கேக்கறீங்களா?"

கோபத்தில் சொன்னேனே தவிர, இரண்டு பேரில் யார் பெரிய களவாணி என்று எனக்கே தெரியவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

"திருப்பிக் குடுத்துடறேன்."

"குடுங்க. என்னன்னு சொல்லிக் குடுப்பீங்க?"

"சொல்ல வேணாம். வாசல்ல வச்சுட்டு வந்துடறேன். அவளுக்கு எப்படியும் புரியும்."

எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தேவாலயத்தில் இருந்தபோது ஒரு பழைய ஐஸ்கிரீம் வாளியில் பதினெட்டுச் சுருளையும் போட்டு, வெர்னாவின் பக்கக் கதவருகே வைத்துவிட்டு வந்திருக்கிறார். ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வைக்கவில்லை. எழுதினால் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம்.

அடுத்த செவ்வாய், பத்து மணி. மெர்லின் என் கவுண்டரில் நின்று, "ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே கதவைத் தள்ளிக்கொண்டு வெர்னா வந்தாள். கையில் அந்த வாளி. நேராக அவரிடம் போனாள்.

"இந்நேரம் இங்கதான் இருப்பீங்கன்னு தெரியும். இந்தாங்க மெர்லின், உங்க காசு."

"ஹாங்?"

"உங்க காசு. யாரோ திருடி என் வீட்டு வாசல்ல போட்டுட்டுப் போயிருக்கான். ஒவ்வொரு சுருள்லயும் உங்க பேர் இருக்கே."

வாளிக்குள் பார்த்தேன். பதினெட்டுச் சுருளிலும் எம். கோஸ்ட்கா, எம். கோஸ்ட்கா, கீழே கணக்கு எண். புது உறையில் சுருட்டியவர், பதின்மூன்று வருஷப் பழக்கத்தில் சுருட்டின கையோடு பெயரையும் எழுதித் தள்ளியிருக்கிறார். சீட்டு எழுதப் பயந்த மனிதர் பதினெட்டு முறை கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்ல" என்றாள் வெர்னா. அவருக்குக் கேட்கவேண்டும் என்று உரக்கப் பேசினாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நான் காசுக்கு முடையா இருக்கறது ஊருக்கே தெரியும். என் வீட்டுல உங்க காசு இருந்தா நாலு பேர் என்ன நினைப்பாங்க? நான் ஒண்ணையும் தொடல. இங்கயே எண்ணிப் பாத்துக்குங்க."

மெர்லினின் கழுத்து சிவந்து, அந்தச் சிவப்பு காதுவரை ஏறியது. இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். நான் கவுண்டர்மேல் இருந்த பேனாவைப் பார்த்தேன்.

"நன்றி வெர்னா" என்று வாளியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

வெர்னா பெருமூச்சு விட்டாள். "பாவம், நல்ல மனுஷன். எவ்வளவு கவலைப்பட்டிருப்பாரோ" என்றாள் என்னிடம்.

அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கல்லாவிலிருந்து ஒரு புது அரை டாலரை எடுத்தேன். என் பையில் மெர்லின் என்றோ கொடுத்த ஒரு வெள்ளிக் காசு இருந்தது, அதையும் எடுத்தேன். இரண்டின் விளிம்பையும் அவளுக்குக் காட்டினேன். "ஹார்லன் வச்சிருந்தது இது. முந்நூத்தி அறுபதும் இதுதான். ஒண்ணு ஏழு டாலர் போகும். நீங்க கொண்டுவந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். இப்ப அவர் எடுத்துட்டுப் போறது உங்க காசு வெர்னா" என்றேன்.

அவள் காசைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"நான் உன்னைக் கேட்டேனே ரோக்ஸான்" என்றாள். "வாயைத் திறந்து கேட்டேனே."

திரும்பி வெளியே போனாள். கண்ணாடி வழியாகத் தெரிந்தது. மெர்லின் வாளியை டிரக்கில் வைத்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் நின்று ஏதோ சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றினார். அவள் மறுபடியும் சொன்னாள். அவர் வழக்கம்போலக் காதில் கையை வைத்தார். இந்த முறை அது நடிப்பு இல்லை என்று எனக்குத் தோன்றியது. அப்போது அவள் கத்திச் சொன்னாள். மூடிய கதவைத் தாண்டி வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"என் பேர் எழுதியிருந்துதே மெர்லின். ஒவ்வொண்ணுலயும் என் பேர் எழுதியிருந்துதே."

வாளியை அவளிடமே கொடுத்துவிட்டு, அவர் நூற்று எண்பது டாலரைத் திரும்ப வாங்க மறுத்தார். அவள் விடவில்லை, உறையில் போட்டு ஆர்லீனிடம் கொடுத்துவிட்டாள். நகரத்தில் ஒரு நாணயக் கடையில் வெள்ளியை விற்றாள். ஹார்லனின் தேதியையும் வெட்டியாகிவிட்டது.

மெர்லின் அதற்குப் பிறகு பெட்டி வாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மட்டும் வருவார். மழை வருமா, மான் சீசன் எப்போது என்று கேட்டுவிட்டுப் போவார். கழற்றிய தொப்பியைக் கையிலேயே வைத்திருப்பார். மீன் விருந்தில் வெர்னா இன்றைக்கும் அவர் தட்டில் சாலட் வைக்கிறாள், எல்லோருக்கும் வைக்கிற அளவு.

என் கவுண்டருக்கும் அவள் வருகிறாள். பக்கத்துக் கவுண்டர் காலியாக இருந்தாலும் என்னிடம்தான் வருவாள். பென்ஷன் காசோலையை நீட்டுவாள். நான் எண்ணி வைத்த நோட்டில் மேலே இருக்கும் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

"இது இருபது டாலர்தானே ரோக்ஸான்? வேற ஒண்ணும் இல்லையே?"

சிரிக்க மாட்டாள், கோபப்படவும் மாட்டாள். பதில் வரும்வரை நிற்பாள். பத்து வருஷமாக, வரிசையில் எத்தனை பேர் நின்றாலும், நான் அவள் முகத்தைப் பார்த்து இருபது டாலர்தான் என்று சொல்லவேண்டியிருக்கிறது.