பஞ்சு முளைக்கும் அத்தியாயம்

நான் ஒரு மடையன். இதை என் மனைவி கல்யாணமான நாளிலிருந்தே சொல்லிவருகிறாள்; எனக்கு உறுதிப்பட ஒரு நாவல் எழுத வேண்டியிருந்தது.

உலகம் அழிந்த பிறகு நடக்கிற கதை, இளவட்டங்களுக்காக எழுதியது. ஆளில்லாத கோயமுத்தூரில் ஒரு விஷ மழை. நனைந்த பெண்ணின் தாடையில் பஞ்சு முளைக்கிறது. பிடுங்கினால் மறுநாள் இன்னும் தடிப்பாக வருகிறது. தொண்டையில் நூல்கண்டு போல ஒன்று புடைக்கிறது. குரல் விசைத்தறியாகத் தடதடக்கிறது. கண்ணாடியில் வேறு யாரோ நிற்கிறார்கள். சென்னிமலை உச்சியில் மருந்து இருக்கிறது. என் நாயகி அடிவாரம்வரை போய், 'இயற்கை கொடுத்ததே போதும்' என்று திரும்பிவிடுகிறாள். அந்த வரியை எழுதியபோது அழுதேன். என் கண்ணீருக்குத் தராதரம் கிடையாது, சோப்பு விளம்பரத்துக்கும் வரும்.

முதலில் அக்காவின் ஒரே பிள்ளையிடம் படிக்கக் கொடுத்தேன். கல்லூரிப் பிள்ளை, அதுவரை எனக்கு மாப்பிள்ளை. எங்கள் பக்கம் பெண்பிள்ளை ஆளானால் தாய்மாமன்தான் புடவையும் தட்டுமாகச் சீர் கொண்டுபோக வேண்டும். 'அக்காளுக்குப் பொண்ணில்லை, தட்டுத் தூக்கற வேலை தப்பிச்சுது' என்று பந்திக்குப் பந்தி சொல்லிச் சிரித்தவன் நான்.

கணபதியில் அக்கா வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தோம். கீழே லேத் பட்டறை ஓடிக்கொண்டிருந்தது.

"எந்த எடத்துல பயந்தே, மாப்ள?"

"பஞ்சு மொளைக்கிற எடத்துலீங்க மாமா. நெசமாட்டவே எழுதிப்போட்டீங்க."

"எல்லாங் கற்பனை மாப்ள."

"கற்பனையா? எனக்கு மீசை மொளைச்சப்ப கண்ணாடி முன்னால நின்னு ஒவ்வொண்ணாப் புடுங்கிட்டிருந்தேன். நீங்க பாத்துப்போட்டு பந்தியில சொல்லிச் சிரிச்சீங்க. கொரல் ஒடைஞ்சப்ப, சோமனூர்த் தறி ஓடுதுன்னதும் நீங்கதானுங்க."

அன்று பந்தியில் நல்ல சிரிப்புக் கிடைத்தது.

"ஏனுங்க மாமா, அந்தப் புள்ளைக்கென்ன கிறுக்கா? மருந்து இருக்குதுன்னு தெரிஞ்சும் திரும்பி வருது. நானா இருந்தா தவழ்ந்தாச்சும் ஏறியிருப்பேன்." டம்ளரைக் கீழே வைத்தது. "நான் பொண்ணுங்க மாமா. டாக்டரப் பாக்கோணும். அம்மாகிட்டச் சொல்லிட்டேன். மாமன் ஒத்துக்கிட்டா நானும் ஒத்துக்கறேன்னுட்டாங்க."

லேத் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். என் காதில் எதுவும் விழவில்லை. டீ சாய்ந்து வேட்டி நனைந்தது, சூடு தெரியவில்லை. ஒரே பக்கத்தில் உலகத்தை அழித்தவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

அந்தத் தாடையைப் பார்த்தேன். பிடுங்கிப் பிடுங்கிப் புள்ளி புள்ளியாய்க் கறுத்த தழும்பு. பரு என்றே நினைத்திருந்தேன். நான் எழுதிய பேய்க்கதை இத்தனை வருடம் எனக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறது. நான் அதற்கு முறுக்குத் தட்டை நகர்த்தி வைத்திருக்கிறேன்.

கடைசியில் வாய் திறந்தேன். திறக்காமலே இருந்திருக்கலாம்.

"வேணும்னா முடிவ மாத்திப்போடறேன். அவ மலையேறி மருந்தக் குடிக்கறாப்ல."

பார்வை என்மேலேயே இருந்தது. கீழே படிக்கட்டில் அக்காவின் கொலுசுச் சத்தம் பாதியில் நின்றிருந்தது.

"செரி," என்றேன். தொண்டையில் நூல்கண்டு புடைத்தது எனக்கு. "இப்ப நா என்ன பண்ணோணும், அம்மணி?"

"சீர் கொண்டாங்க."