குனூத் ஓதாதவன்

இரண்டாம் யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முந்தி இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள ஏறாவூருக்குப் போனேன். எனக்கு இருபத்திரண்டு வயது; மதுரைக்குப் பக்கத்து ஊர்க்காரன். அங்கே துணிக்கடை வைத்திருந்த என் தாய்மாமா கடை வாசலில் எனக்கொரு தையல் மெஷின் போட்டுக் கொடுத்தார்.

போன மறுநாள் அதிகாலை சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனேன். இரண்டாவது ரக்அத்தில் ருகூவிலிருந்து நிமிர்ந்ததும் வழக்கம்போல் சஜ்தாவுக்குப் போய்விட்டேன். நெற்றி பாயில் பட்ட பிறகுதான் என்னைச் சுற்றி ஒருவரும் அசையவில்லை என்று தெரிந்தது. லெப்பை கைகளை ஏந்தி ஏதோ ஓத, எல்லோரும் நின்றபடி ஆமீன் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எழுவதா, கிடப்பதா? கிடந்தேன்.

தொழுகை முடிந்ததும் லெப்பை என்னிடம் வந்தார். தொழ வைக்கிறவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்.

"தம்பி ஹனபியா?" என்று என் மத்ஹபை, தொழுகைச் சட்டங்களில் நான் பின்பற்றும் பிரிவை, கேட்டார்.

"ஆமாங்க."

"நாங்க ஷாபி. சுபஹில நிண்டு குனூத் ஓதுவம். நீங்க ஓதத் தேவல்ல. நாங்க முடிக்குமட்டும் சும்மா நிண்டாப் போதும்."

அவர் சிரிக்கவில்லை. பின்வரிசையில்தான் சிரித்தார்கள்.

அதன்பிறகு தினமும் குனூத் முடியும்வரை கைகளைத் தொங்கவிட்டு நின்றேன். நல்ல பிரார்த்தனைதான். ஆனால் சுபஹில் அது கிடையாது என்று என் அத்தா சொல்லிக்கொடுத்திருந்தார். அதை மாற்ற மனசு வரவில்லை.

ஒரு நாள் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்து படியேறும்போது லெப்பையின் காலில் காயம் வாய் திறந்து இரத்தம் வடிந்தது. முந்தின நாள் வாவிக்கரையில் சிப்பி வெட்டியதாம். காலைக் கழுவித் துணி சுற்றிக்கொண்டு அப்படியே தொழ வைத்தார். இரத்தம் வடிந்தால் எங்களுக்கு ஒளு முறியும், அவர்களுக்கு முறியாது. ஊசி குத்தி ஒரு சொட்டு வழிந்தாலும் மறுபடி ஒளுச் செய்கிறவன் நான். அவருக்குப் பின்னால் தொழுதுவிட்டு, கடைக்கு வந்து துணிக்கட்டுகளின் மறைவில் அதே தொழுகையைத் திரும்பத் தொழுதேன். ஸலாம் கொடுத்து முடித்துத் திரும்பினால், தைத்த சட்டையை வாங்க வந்த லெப்பை நின்றுகொண்டிருந்தார்.

"லுஹரா?"

"ஆமாங்க."

"என்னோட தொழுதீங்களே." கொஞ்சம் யோசித்தார். "என்ட ரத்தத்தாலயா?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். வாய் வரவில்லை. "ஆமாங்க," என்றேன்.

முக்காலியில் உட்கார்ந்தார். "உங்கட மத்ஹபுப்படி செஞ்சிரிக்கீங்க. பிழை சொல்லேலா. ஆனா எனக்கு நோகுது."

"காலா?" என்று முட்டாள்தனமாகக் கேட்டேன்.

"கால் இல்ல."

சட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பல நாள் அவர் முகத்தைப் பார்க்காமல் தொழுது திரும்பினேன்.

அந்த வருஷம் மாரி மழை ஓய்ந்ததும் வீட்டுக்கு வீடு மலேரியாக் காய்ச்சல். லெப்பையும் படுத்துவிட்டார். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் கடைக்கு வந்து, "சுகமாகுமட்டும் நீங்கதான் தொழ வைக்கணுமாம். லெப்பை சொல்லிவிட்டாரு," என்றார். பள்ளிவாசலை நிர்வகித்த மரைக்கார் ஒரே பேச்சில் முடித்துவிட்டாராம்: "குனூத் ஓதாத ஆளுக்குப் பின்னால நான் தொழமாட்டன்."

லெப்பை வீட்டுக்கு ஓடினேன். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"என்னால முடியாதுங்க. நான் ஓத மாட்டேன்."

"ஓதச் சொல்லல்ல. ருகூவால நிமிந்து கொஞ்ச நேரம் நில்லுங்க. அவங்க ஓதிக்குவாங்க."

"என்னை ஏங்க கேட்டீங்க? உங்களுக்குப் பின்னாடி தொழுததைத் திரும்பத் தொழுதவன் நான்."

"அல்லாஹ்வுக்குப் பயந்துதானே திரும்பத் தொழுதீங்க? பயமில்லாத ஆள எப்பிடி முன்னுக்கு விடுற?"

"எவ்வளவு நேரம் நிக்கணும்?"

குளிரில் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்த நிலையிலும் குனூத்தை முழுக்க ஓதிக் காட்டினார். "இவ்வளவு நேரம்."

முதல் நாள் பயத்தில் சீக்கிரமே சஜ்தாவுக்குப் போய்விட்டேன். பின்னால் பாதிப்பேர் இன்னும் ஓதிக்கொண்டிருந்தார்கள். தொழுகை முடிந்து ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே வெளியேறினார். மறுநாள் அளவு சரியாக வந்தது. நான் வாய் மூடி நிற்க, முதுகுக்குப் பின்னால் ஐம்பது அறுபது பேர் மெதுவாக ஓதும் சத்தம் கேட்டது. அத்தா பார்த்தால் என்ன சொல்வார் என்று தோன்றியது. கடிதம் எழுதிக் கேட்க நினைத்தேன், எழுதவில்லை.

இப்படிப் பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் லெப்பை மோதினாரின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அத்தனை நாளும் பள்ளிவாசல் பக்கமே வராத மரைக்காரும் வந்து என் பக்கத்தில் நின்று தொழுதார். முடிந்ததும் எனக்குக் கை கொடுத்தார்.

"நீங்க தொழ வச்ச நாளெல்லாம் நான் வீட்டதான் தொழுத. உங்களோட கோவம் ஒண்டுமில்ல தம்பி. மனசு ஒத்துக்கல்ல."

"எனக்குப் புரியுதுங்க," என்றேன். மரியாதைக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே புரிந்தது.