சுருங்காத செவுள்

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. ஃபிரேம் மயிரிழை கோணலாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். பக்கத்து மேசையில் பதினோரு வருடமாக அவளிடம் திட்டு வாங்குகிறவள் நான்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் தங்கையை வளர்த்தாள். தங்கை வேலைக்குப் போனதும் தண்ணீர்த் தொட்டியில் நியூட் என்ற பிராணியை வளர்க்க ஆரம்பித்தாள். பார்த்தால் பல்லி மாதிரி இருக்கும். ஆனால் தவளைக்குத்தான் சொந்தம். பெட்டை ஒவ்வொரு முட்டையையும் இலை மடிப்புக்குள் பத்திரமாக ஒட்டிவைக்கும். பசித்தால் தானே தின்றும்விடும்.

"பெத்தவளை நம்பினா அவ்வளவுதான்" என்று முட்டைகளை வேறு தொட்டிக்கு மாற்றினாள். நான்கு பிழைத்தன. காலையும் மாலையும் ஐஸ் பாட்டில் மிதக்கவிட்டுத் தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்தாள். குஞ்சுகளுக்குக் கழுத்தோரம் இறகு மாதிரி செவுள், முன்னங்கால், பிறகு பின்னங்கால் முளைத்தன. செவுள் சுருங்கி நுரையீரலால் மூச்சு விட ஆரம்பித்ததும் கரையேறும் பருவம். ஏற ஒரு கல் இல்லாவிட்டால் தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் வயிற்றில் கட்டி. ஆபரேஷன் முடிந்து டாக்டர் தங்கையிடம் தனியாகப் பேசினார்.

"சாதாரணக் கட்டிதான்க்கா. இனி பயமில்லைன்னு சொல்லிட்டாரு" என்றாள் தங்கை.

தொட்டியும் தங்கையின் பொறுப்பு. தினமும் காலையில் ஃபோனில் ஒரு படம் அனுப்புவாள். மாலையில் நேரில் வந்து, "ஜோரா நீந்துதுக்கா" என்பாள்.

எட்டாம் நாள் நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போயிருந்தபோது, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவள் தங்கைக்கு ஃபோன் போட்டாள்.

"செவுள் சுருங்கிடுச்சாடி?"

"நேத்தே சுருங்கிடுச்சுக்கா. ரெண்டு, கல்லு மேல ஏறி உக்காந்திருக்கு."

அன்று காலை வந்த படத்தில் செவுள் முதல் நாள் போலவே விரிந்திருந்தது. அவள் ஃபோனை வைத்துவிட்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் டாக்ஸியில் வீட்டுக்கு அழைத்துப் போனேன். தொட்டி துடைத்துக் கவிழ்த்திருந்தது. நாற்றம் அடிக்கிறது என்று இரண்டாம் நாளே சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறாள் புண்ணியவதி. நான்கும் செத்துப்போயின. முதல் நாள் எடுத்த படங்களைத்தான் தினம் ஒன்றாக அனுப்பியிருக்கிறாள்.

"நீ படுத்திருக்கிறப்ப கவலைப்பட வேணாம்னுதான்க்கா..."

"செத்தது போகட்டும். எட்டு நாளா என் மூஞ்சியைப் பாத்துப் பொய் சொல்லியிருக்கே. உன்னையா நான் வளத்தேன்?"

அவள் அப்படி உடைந்துபோய் நான் பார்த்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றுத் தையலைக் கையால் பொத்திக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"டாக்டர் சொன்னாருன்னு ஒண்ணு சொன்னியே. அதுவும் நான் கவலைப்படக் கூடாதுன்னுதானா?"

தங்கை கவிழ்த்திருந்த தொட்டியை எடுத்துக் குழாயடியில் வைத்து, மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.