பதினோரு பேருக்கும் பஞ்சு

எனக்கு வாய் நீளம். வார்டுல நான் போடுற சத்தத்துல பிள்ளைக அழுகையை நிப்பாட்டியிருக்கு. நர்ஸ்னா அப்படித்தான் இருக்கணும்னு ரொம்ப நாள் நெனைச்சுக்கிட்டு இருந்தேன்.

அந்த வருஷம் தீபாவளி முடிஞ்சு பட்டாசுக் கம்பெனிக எல்லாம் பூட்டிக் கெடந்த நேரம். அச்சங்குளத்துப் பக்கமிருந்து ஏழு மாசக் கர்ப்பிணி ஒருத்தி எங்க ஆஸ்பத்திரிக்கு வந்தா. கம்பெனியில திரி வைக்கிற வேலை. மொதப் பிள்ளை செத்துப் பெறந்திருக்கு. ஏன்னு கேட்டா, மருந்துச் சூடுங்கா. வெடிமருந்துல வேலை பாக்குறவகளுக்கு எரிச்சல், புண்ணு, வெள்ளைப்படுதல் எது வந்தாலும் சூடுதான். வெந்தயத்தை ஊறப்போட்டுத் தின்னுட்டு வேலைக்குப் போயிருவாக. ரத்தத்தைச் சோதிச்சா மேகநோய். புருஷன்கிட்ட இருந்து வந்திருக்கு. வாரம் ஒண்ணா மூணு ஊசி போட்டா வயித்துப் பிள்ளை பிழைக்கும். நடுவுல விட்டா மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அதுக்கு அவகிட்ட நாள் இல்லை.

மொத ஊசி போட்டாச்சு. ரெண்டாவதுக்கு வந்தவ வழி தெரியாம வராந்தாவுல முழிச்சுக்கிட்டு நின்னா. நான் இருந்த எடத்துல இருந்தே கத்தினேன்: “ஏ பிள்ளை, பால்வினை நோய் ரூமு அந்தக் கடைசி! எம்புட்டுத் தடவ சொல்ல?” வராந்தாவுல இருந்த அம்புட்டுப் பேரும் அவளைத் திரும்பிப் பாத்தாக. அவ முந்தானையை இழுத்து மூடிக்கிட்டு அப்படியே பஸ் ஏறிப் போயிட்டா.

ரெண்டு நாள் பாத்தேன். வரலை. ஊசி தள்ளிப்போன நாளை எண்ணிக்கிட்டே கெடந்தேன்.

எங்க சுகாதாரத் திட்டத்துல அப்போ ஒரு திருநங்கை களப்பணிக்குச் சேந்திருந்தா. இந்த வார்த்தை அன்னிக்கு எங்க வாயில வராது. நாங்க சொன்ன வார்த்தையை இங்கன எழுதக் கை கூசுது. அவ உக்காந்து எந்திரிச்ச நாற்காலியில நான் உக்கார மாட்டேன். அம்புட்டுத் திமிரு. கடைசியில அவகிட்டதான் போய் நின்னேன்.

“நான் போனா நர்ஸு எதுக்கு வந்தான்னு பேசுவாக. நீ போனா இன்னும் பேசுவாக. அந்தப் பிள்ளையை எப்படிக் கூட்டியாறதுன்னு தெரியலை”னேன்.

“ஒரு வீட்டுக்குப் போனாத்தான சிஸ்டர் பேச்சு? தெருவுல அத்தனை வீட்டுக்கும் போறேன்”னா.

மறுநாள் மழை நசநசன்னு பெஞ்சுது. அதுலயே போயிருக்கா. திருநங்கைக வாழ்த்துனா நல்லது நடக்கும்னு நம்புற சனம். வீடு வீடா நின்னு திருஷ்டி கழிச்சு, எல்லார்கிட்டயும் ஒரே பேச்சு: “சூடு உடம்புல தங்கப்படாது தாயி. கம்பெனி லீவுதான, ஆஸ்பத்திரில ரத்தம், பிரஷர் எல்லாம் பாக்காக, வாங்க.” ஒரு வீட்டுல நாயை அவுத்து விட்டுட்டாக. “நாய்க்கும் சேத்துக் கழிச்சுட்டேன் சிஸ்டர்”னு வந்து சிரிச்சா. கெண்டைக்கால்ல பல்லு பதிஞ்சிருந்துச்சு. நான்தான் சோப்புப் போட்டுக் கழுவி விட்டேன். அன்னிக்குத்தான் அவளை மொதத் தடவ தொட்டேன்.

அடுத்த நாள் காலையிலயும் மழை விடலை. அந்த மழையிலயே மினி பஸ்ல பதினோரு பொம்பளைக வந்து இறங்குனாக. நடுவுல அந்தப் பிள்ளை. நான் ஓடிப்போய் ஊசி மருந்தை எடுத்து வச்சேன். அதுக்குள்ள அந்தத் திருநங்கை டாக்டர்கிட்டயே சட்டம் போடுறா: ஒவ்வொருத்தரா உள்ள வரணும், கதவைச் சாத்தணும், ஆளுக்கு ஒரே அளவு நேரந்தான் எடுக்கணும், எல்லாரும் கையில பஞ்சை அமுக்கிக்கிட்டே வெளிய போகணும். அவரும் அப்படியே செஞ்சாரு. யாரு ரத்தம் மட்டும் குடுத்தா, யாரு ஊசியும் போட்டான்னு வெளிய நின்ன ஒரு ஆளுக்கும் தெரியலை. சூடு சூடுன்னு கெடந்த இன்னும் ரெண்டு பேருக்கும் அந்த ரத்தத்துலதான் நோய் தெரிஞ்சு வைத்தியம் ஆரம்பிச்சுது. அடியாத்தீ, இப்படி ஒரு மூளையா! இப்போ நெனைச்சாலும் எனக்கு மேலு சிலுக்குது.

அந்தக் கர்ப்பிணிக்குப் பிள்ளை உயிரோட, நல்லாக் கத்திக்கிட்டுப் பெறந்துச்சு, அதைச் சொல்லிருதேன். புருஷனும் வந்து ஊசி போட்டுக்கிட்டான்.

ஆனா அன்னிக்கு, கதவைச் சாத்திட்டு அவளுக்கு ரெண்டாவது ஊசி போடும்போது, “என்னை மன்னிச்சிரு தாயி”ன்னேன். அவ சுவரைப் பாத்துக்கிட்டே சொன்னா:

“அன்னிக்கு நீங்க மெதுவாச் சொல்லியிருந்தீகன்னா, இம்புட்டுப் பேரு மழையில வந்திருக்க வேணாம் சிஸ்டர்.”