நெற்றிச் சாம்பலோடு பார்த்த ஆட்டம்

எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் தமிழ்ப் பூசையில் பதினொரு வருடமாக நான் பைபிள் வாசகம் வாசிக்கிறேன். நன்றாக வாசிக்கிறேன் என்று நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஒலிவாங்கி பழுதான நாளிலும் கடைசி வாங்கில் இருந்தவர்வரை கேட்ட குரல் என்னுடையது. தவக்காலத்து முதல் ஞாயிறு, முதல் வாசகம் நான்தான். யாரும் எழுதி வைத்ததில்லை, அப்படியே நடந்து வந்தது. அந்த இடத்தைத்தான் ஒரு கால்பந்து ஆட்டத்தைக் காரணம் காட்டிப் பறிக்கப் பார்த்தார்கள்.

ஐரோப்பியக் கழகங்களின் போட்டியில் வெளியேற்றுச் சுற்றுகள் தொடங்கியிருந்தன. இரண்டு அணிகளும் ஆளுக்கொரு முறை தங்கள் மைதானத்தில் மோத வேண்டும். இரண்டையும் கூட்டிப் பார்த்து, கோல் குறைந்தவன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எங்கள் நகரத்து அணியின் முதல் ஆட்டம் புதன்கிழமை பின்னேரம் ஆறே முக்காலுக்கு விழுந்தது. அது தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன், நெற்றியில் சாம்பலால் சிலுவை பூசும் நாள். தமிழ்ப் பூசை ஆறரைக்கு.

என் மகளுக்குப் பதினேழு வயது. ஒரு வருடமாக அவள் என்னோடு எங்கும் வந்ததில்லை. கடைக்கும் இல்லை, கலியாணவீட்டுக்கும் இல்லை, கோயிலுக்கு அறவே இல்லை. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் ஒரு சொல் எறிந்துவிட்டு அறைக்கதவைச் சாத்துவாள். அவளுடைய சிநேகிதிக்குக் காய்ச்சல் வந்து ஒரு டிக்கெட் மிஞ்சியது. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, நீ வருகிறாயா என்று என்னைக் கேட்டாள். ஓம் என்று சொன்ன பிறகுதான் நான் கலண்டரைப் பார்த்தேன். பார்த்தும் மாற்றிச் சொல்லவில்லை. இந்த முறை மாட்டேன் என்றால் இனி அவள் கேட்கவே மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

வாசகர் பட்டியல் போடும் அண்ணையிடம் நேரே போனேன். புதன் வாசகத்துக்கு என் இடத்தில் கோயிலுக்கு வரும் வேறு ஒரு தங்கச்சியை ஒழுங்கு செய்துவிட்டேன் என்றேன். காரணம் கேட்டார். இடுப்புவலி என்றிருந்தால் பாவம் என்று விட்டிருப்பார். உண்மையைச் சொன்னேன்.

"பந்தடி பாக்கவோ? தவக்காலம் தொடங்கிற நாளிலையோ? தங்கச்சி, உமக்கென்ன விசரோ?"

"மகளோடை போறன் அண்ணை. மத்தியானம் பிரெஞ்சுப் பூசையிலை சாம்பல் பூசிப்போட்டுத்தான் போவன்."

"அப்ப ஞாயிறு வாசகத்துக்கும் நான் வேறை ஆளைப் பாக்கிறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாருங்கோ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றிரவு அழுதேன், அது வேறு கதை.

புதன் மத்தியானம் நெற்றியில் கரிய சிலுவையோடு லா சப்பல் தமிழ்க்கடைத் தெருவில் நான் வேலை செய்யும் மரக்கறிக் கடைக்குத் திரும்பினேன். காசு மேசையில் இருந்த சைவக்கார அக்கா கண்ணை விரித்தா. "அட, எங்கடை பக்கம் வந்திட்டியோடி? பூசினதுதான் பூசினாய், மூண்டு குறியா இழுத்திருக்கலாமே!" கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

மைதான வாசலில் மகள் சிரிக்கவில்லை. கையில் ஒரு கடதாசித் துண்டைத் திணித்து, அழித்துவிடு, எல்லாரும் பார்க்கிறார்கள் என்று பிரெஞ்சில் முணுமுணுத்தாள்.

"மாட்டன். உன்ரை கழுத்திலை கிடக்கிற அணிச் சால்வையையும் எல்லாரும் தானே பாக்கினம்?"

முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு முன்னே நடந்தாள்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பின்வரிசையில் ஒருவன், மதாம், உங்கள் நெற்றியில் அழுக்கு என்றான். அவன் கூட்டாளிகள் சிரித்தார்கள். நான் வாயைத் திறக்கமுன் மகள் எழும்பித் திரும்பினாள். அது அழுக்கில்லை, இன்று திருநீற்றுப் புதன், இவர் என் அம்மா, நீ ஆட்டத்தைப் பார் என்று பிரெஞ்சில் பொரிந்து தள்ளினாள். என் அம்மா என்று நாலு பேருக்கு முன்னால் அவள் சொல்லிக் கேட்டு எத்தனை காலம்! நெஞ்சு நிறைந்துபோனது. அவன் ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கினான்.

ஏழு பத்துக்கு எங்கள் பக்கம் கோல் அடித்தது. நானும் அவளும் கட்டிப்பிடித்துத் துள்ளினோம். நிமிர்ந்தால், பெரிய திரையில் சிலுவை போட்ட நெற்றியோடு வாயைப் பிளந்து கத்துகிற ஒரு தமிழ்ப் பொம்பிளை. மாதாவே, நான்தான்! இரண்டாம் பாதியில் அவர்கள் ஒன்றைத் திருப்பி அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார்கள். போகட்டும், இன்னொரு ஆட்டம் இருக்கிறது.

ஞாயிறு காலை மகள் தானாகவே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் திரும்பிப் போய்விடுவாள்.

கோயில் வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்க, அண்ணை என்னை மறித்தார். புதன் எனக்குப் பதிலாக வாசித்த தங்கச்சி வாசகப் புத்தகத்தோடு பக்கத்தில் நின்றாள்.

"சாம்பல் பூசின நெத்தியோடை டிவியிலை துள்ளுறீர். எங்களுக்கெல்லே வெக்கம்! சனம் சொல்லிக் கேட்டுக் கதைக்கிறன் எண்டு நினைக்காதையும். கோல் அடிச்ச கையோடை, லைவிலை, என்ரை கண்ணாலை பாத்தனான்."

நேரத்தைக் கணக்குப் போட எனக்கு ஒரு விநாடி எடுத்தது.

"கோல் விழுந்தது ஏழு பத்துக்கு. அது இஞ்சை பூசையிலை சுவாமியார் சாம்பல் பூசிற நேரமெல்லே? அப்ப நீங்கள் எங்கை நிண்டு பாத்தனீங்கள் அண்ணை?"

அவர் கை தன்பாட்டில் சட்டைப்பையில் கிடந்த போனைப் பொத்தியது. யாரோ இருமினார்கள். புத்தகம் வைத்திருந்த தங்கச்சி அதை என் கையில் வைத்து, "நீங்களே வாசியுங்கோ அக்கா" என்றாள். அண்ணை தடுக்கவில்லை.

"ரெண்டாவது ஆட்டம் வாற புதன், அண்ணை" என்றேன். "நாங்கள் எங்கடை வீட்டிலை இருந்து பாப்பம். நீங்களும் வாங்கோ. ஒளிச்சுப் பாக்கத் தேவையில்லை."

பின்னால் என் மகள் வாய்விட்டுச் சிரித்தாள். பூசை தொடங்கும் மணி அடித்தது, அவள் இன்னும் நிறுத்தவில்லை. உஷ் என்று சொல்ல வேண்டியவள் நான்தான். சொல்லவில்லை. புத்தகத்தோடு உள்ளே போனேன்.